ஸ்கை செய்யாதவர்களுக்கு ஆல்ப்ஸ் குளிர்காலம் வீணா?

வாசகர் கேள்வி, 9 நவம்பர் 2024

பிப்ரவரிப் பள்ளி விடுமுறையில் லண்டனிலிருந்து ஒரு வாரத்திற்கு சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்ட் பக்கம் போகவிருக்கிறோம். கணவரும் பிள்ளைகளும் ஸ்கை, அதாவது பனிச்சறுக்கு, செய்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. உடன் வரும் அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலியும் உண்டு. ஸ்கை செய்யாதவர் குளிர்காலத்தில் ஆல்ப்ஸுக்குப் போவது பணத்தை வீணாக்குவது என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். மாலையில் அவர்கள் திரும்பும் வரை விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைத் தவிர நாங்கள் இருவரும் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

10 நவம்பர் 2024

இருக்கிறது; ஒரு வாரம் போதாத அளவுக்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் என் தலைமுறைத் தமிழர்களில் பெரும்பாலோர் ஸ்கை கற்றதில்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளியிலிருந்து பனி விளையாட்டு முகாமுக்குப் போய், ஒரே வாரத்தில் சரிவுகளில் பாய்ந்து இறங்கக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பெற்றோராகிய நாங்கள் கீழே காத்திருக்கப் பழகினோம். அந்தக் காத்திருப்பைக் கைவிட்டு, எங்களுக்கென்று ஒரு குளிர்காலத்தைத் தேடத் தொடங்கிய பிறகுதான் இந்த மலைகள் எனக்கு உண்மையில் பரிச்சயமாயின. ஆகையால் உங்கள் கேள்விக்கு நான் சற்று நீளமாகவே பதில் எழுதப் போகிறேன்.

உங்கள் அலுவலக நண்பர்களுக்கு முதலில் வரலாற்றைச் சொல்லலாம். செயின்ட் மோரிட்ஸில் விடுதி நடத்திய யோஹான்னஸ் பாட்ருட் என்பவர், 1864-ஆம் ஆண்டுக் கோடையின் முடிவில் ஊருக்குக் கிளம்பிய தம் ஆங்கிலேய விருந்தினர்களிடம், குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், இங்கே வெயில் அடிக்கவில்லையென்றால் உங்கள் பயணச் செலவை நானே தருகிறேன் என்று பந்தயம் கட்டியதாக அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஹூகோ ரிக்டர், ஃபிரீட்ரிஷ் உங்கர் என்ற இரண்டு காசநோயாளிகள் குளிர்காலச் சிகிச்சை நாடி டாவோஸுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆல்ப்ஸின் குளிர்காலச் சுற்றுலா இப்படி வெயிலையும் காற்றையும் தேடி வந்தவர்களால் தொடங்கியது. ஸ்கை இந்தப் பள்ளத்தாக்குகளில் பரவியது 1890-களில்தான். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளும் வந்தவர்கள் நடந்தார்கள், ஸ்லெட்ஜ் என்ற சறுக்குவண்டியில் சறுக்கினார்கள், உறைந்த ஏரிகளில் ஸ்கேட்டிங் செய்தார்கள், வெயிலில் சாய்ந்து படுத்திருந்தார்கள். அவை எல்லாம் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

இன்னும் விடுதி பதிவு செய்யவில்லை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கை செய்பவர்கள் சறுக்குப் பாதைகளின் நீளத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் இருவரும் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, ரயில் நிலையம் எவ்வளவு அருகில் இருக்கிறது, நடைபாதை வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். கிரிண்டெல்வால்டுக்குப் பக்கத்து லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அடித்தளம், இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர்கள் நிற்பதால், நடுக்குளிர்காலத்தில் பெரும்பகுதி நிழலிலேயே கிடக்கும். அதே பள்ளத்தாக்கின் மேலே, பாறை விளிம்பில் இருக்கும் வெங்கனிலும் மியூரனிலும் அந்த நேரத்தில் மக்கள் மேலங்கியைக் கழற்றிவிட்டு வெளியே அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஊர்களிலும் கார் கிடையாது. அம்மாவுக்கு வெங்கன் பொருந்தும் என்பது என் எண்ணம்.

10 நவம்பர் 2024, இரவு

அம்மாவுக்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது என்பதற்காக இதை உடனே எழுதுகிறேன். லவுட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் குரூட்ஷ்ஆல்ப் ஏறினால், அங்கிருந்து மியூரனுக்கு மலைவிளிம்பை ஒட்டி ஒரு சிறு ரயில் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே குளிர்கால நடைபாதை ஒன்றை இயந்திரத்தால் அழுத்திச் சமன் செய்து வைத்திருப்பார்கள். ஏற்றம் மிகக் குறைவு. எதிரே ஐகர், மொன்ஷ், யுங்ஃபிரவ் என்ற மூன்று சிகரங்களும் வழிநெடுக உடன் வரும். பாதி வழியில் வின்டர்எக் என்ற நிலையமும் அதனருகே உணவகமும் உண்டு. முழங்கால் ஒத்துழைக்கவில்லையென்றால் அங்கேயே ரயில் ஏறிக்கொள்ளலாம். வயதானவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு, பாதியில் கௌரவமாக நிறுத்திக்கொள்ள இடம் தரும் பாதையை விடச் சிறந்தது வேறில்லை. என் மாமியார் வின்டர்எக் வரைதான் என்று சொல்லிக் கிளம்பி, அங்கே சூப் குடித்துவிட்டு, மீதியையும் நடந்தே முடித்தார்.

காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் சிறு முள்சங்கிலிகளைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். மலைப்பாதையை விட ஊரின் தெருக்களில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பகலில் உருகும் பனி மாலையில் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முழங்காலின் சுமை குறையும்.

14 நவம்பர் 2024

ஸ்லெட்ஜைப் பற்றி இப்போது விரிவாக எழுதுகிறேன். இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்து ஒதுக்குபவர்கள் பெரிய இன்பம் ஒன்றை இழக்கிறார்கள்.

1883 பிப்ரவரியில் டாவோஸிலிருந்து குளோஸ்டர்ஸ் வரை சாலையில் முதல் பன்னாட்டு ஸ்லெட்ஜ் பந்தயம் நடந்தது. அதில் ஓர் ஆஸ்திரேலிய மாணவரும் குளோஸ்டர்ஸைச் சேர்ந்த தபால்காரர் ஒருவரும் ஒரே நேரத்தில் முதலாவதாக வந்தார்கள். அந்தத் தபால்காரருக்கு அது விளையாட்டாக இருந்திருக்க முடியாது. அன்றாடம் வேலை பார்த்த பாதை. மலைக்கிராமங்களில் விறகும் வைக்கோலும் பாலும் பள்ளிப் பிள்ளைகளும் இறங்கி வந்த வாகனத்தை விருந்தினர்கள் விளையாட்டாக்கிக்கொண்டார்கள்.

கிரிண்டெல்வால்டில் வெலோகெமல் என்ற ஒன்று இருக்கிறது. சக்கரங்களுக்குப் பதிலாகச் சறுக்குக்கட்டைகள் பொருத்திய மரச் சைக்கிள் அது. அந்த ஊரின் கிறிஸ்டியான் பியூல்மன் 1911-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மருத்துவரும் தபால்காரரும் அதில்தான் வீடுவீடாகப் போய் வந்தார்கள். மிதி கிடையாது, பிரேக் கிடையாது. காலை ஊன்றித்தான் நிறுத்த வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் புஸ்ஆல்ப் சரிவில் அதற்கு உலகப் போட்டியே நடத்துகிறார்கள். உங்கள் வாரத்தில் அது அமைந்தால் தவறவிடாதீர்கள்.

அந்தப் பகுதியின் மிகப்பெரிய ஓட்டம் ஃபவுல்ஹார்ன் சிகரத்திலிருந்து இறங்குவது. 15 கிலோமீட்டர். கிரிண்டெல்வால்டிலிருந்து கேபிள் காரில் ஃபிர்ஸ்ட் நிலையத்திற்குப் போய், அங்கிருந்து ஸ்லெட்ஜைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, பனி மூடிக் கிடக்கும் பாக்ஆல்ப் ஏரியைக் கடந்து, இரண்டரை மணி நேரம் போல ஏறினால் 2,681 மீட்டர் உயரத்தில் நிற்பீர்கள். அங்கிருந்து கிரிண்டெல்வால்ட் வரை சுமார் 1,600 மீட்டர் இறக்கம். ஏறும்போது பேச்சு தானாகவே நின்றுவிடும். கயிறு இடுப்பில் உரசும் ஓசையும் காலடியில் பனி நொறுங்கும் ஓசையும் மட்டுமே மிஞ்சும். என் மகள் ஸ்கையில் தேர்ந்தவள். எங்களுடன் இதற்கு ஒருமுறை வந்த பிறகு, இறக்கத்திற்கு லிஃப்டில் காசு கொடுத்து ஏறுவதற்கும் உழைத்து ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பல நாள் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல உடற்பயிற்சி இருப்பவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் புஸ்ஆல்ப் வரை பேருந்தில் ஏறி, அங்கிருந்து பாதியளவு தூரத்தைச் சறுக்கி வரலாம். அதுவே தாராளம்.

15 நவம்பர் 2024

68 வயதில் ஸ்லெட்ஜ் பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் ஸ்லெட்ஜை நிறுத்துவதும் திருப்புவதும் முழுக்க முழுக்கக் கால்களின் வேலை. இரு பாதங்களையும் தட்டையாகப் பனியில் அழுத்தினால்தான் வேகம் குறையும். ஒரு பக்கக் காலை அழுத்தினால் அந்தப் பக்கம் திரும்பும். நீங்கள் போவதென்றால் தலைக்கவசம், கணுக்காலைப் பிடித்து நிற்கும் காலணி, கண்ணாடி மூன்றும் வேண்டும். படுத்துக்கொண்டு தலையை முன்னே நீட்டிப் போகவே கூடாது. பிற்பகலில் இறுகிய பனியில் வேகம் நினைத்ததை விட இரு மடங்காகத் தோன்றும். முதல் முறை காலையிலேயே போய்விடுங்கள்.

21 நவம்பர் 2024

இன்னொரு வாசகர், நாங்கள் கிழக்கே கிராபுண்டன் பக்கம் போகிறோம், அங்கே என்ன என்று கேட்டிருக்கிறார். கிரிண்டெல்வால்டிலிருந்து அது ஒரு நாளில் போய்வரும் தூரமில்லை என்பதை மூலக் கேள்வி கேட்டவருக்குச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். ஸ்கை செய்யாதவர்களுக்கென்றே ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கிராபுண்டனைத்தான் சொல்வேன். காரணம், ரயில்.

பெர்குன் என்ற சிற்றூரிலிருந்து பிரேடா வரை செல்லும் ஆல்புலா கணவாய்ச் சாலையைக் குளிர்காலத்தில் வண்டிகளுக்கு மூடிவிட்டு, 6 கிலோமீட்டர் நீள ஸ்லெட்ஜ் பாதையாக மாற்றிவிடுகிறார்கள். மேலே ஏற்றிச் செல்வது வழக்கமான பயணிகள் ரயில்தான். பெர்குனுக்கும் பிரேடாவுக்கும் இடையே சுமார் 400 மீட்டர் உயர வேறுபாடு. செங்குத்தான மலை ரயில்கள் தண்டவாளத்தைப் பற்றி ஏறப் பயன்படுத்தும் பற்சக்கரம் இல்லாமல் அதை ஏறுவதற்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாதையைக் கட்டிய பொறியாளர்கள் மலைக்குள்ளேயே சுருள் சுரங்கங்களைக் குடைந்து, தண்டவாளத்தை வளைத்து வளைத்து மேலேற்றியிருக்கிறார்கள். ஏறும்போது அதே தேவாலயக் கோபுரம் ஒருமுறை இடப்புறமும் அடுத்த முறை வலப்புறமும் தெரியும். இறங்கும்போது நீங்கள் வந்த பாலங்களின் அடியிலேயே சறுக்கி வருவீர்கள். மாலைகளில் பாதைக்கு விளக்குப் போட்டிருப்பார்கள். ஸ்லெட்ஜில் உட்காராதவர் ரயிலிலேயே ஏறி இறங்கி அதே காட்சியைப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இரு கட்சியினருக்கும் மனநிறைவு தந்த ஓர் ஏற்பாடு இது.

அதே தண்டவாளம் தெற்கே தொடர்ந்து பெர்னினா கணவாயைக் கடக்கிறது. 1910-இல் முழுமையடைந்த பெர்னினா பாதை 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓஸ்பீட்சியோ பெர்னினா நிலையத்தைத் தொட்டுவிட்டு, இத்தாலியின் திரானோவுக்கு, 429 மீட்டருக்கு இறங்குகிறது. பனி உறைந்த ஏரியோரம் நண்பகலில் இருந்தவர்கள், திரும்பும் ரயிலுக்கு முன் இத்தாலியச் சதுக்கத்தில் காபி குடித்திருப்பார்கள். கணவாயின் உச்சியில் அடுத்தடுத்து இரண்டு ஏரிகள் இருக்கின்றன. ஒன்றின் நீர் இன் ஆற்றில் கலந்து, டான்யூப் வழியே கருங்கடலுக்குப் போகிறது. மற்றதன் நீர் போ ஆற்றின் வழியே அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. குளிர்காலத்தில் இரண்டும் ஒரே வெள்ளைப் பரப்பாகக் கிடக்கும். ஆல்புலா, பெர்னினா பாதைகளை யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓடும், கூரை வரை கண்ணாடி வைத்த ரயிலுக்கு முன்பதிவும் கூடுதல் கட்டணமும் வேண்டும். அதே தண்டவாளத்தில் வழக்கமான வட்டார ரயில்கள் நாள் முழுவதும் ஓடுகின்றன, முன்பதிவு வேண்டாம். நான் எப்போதும் வட்டார ரயிலையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் நினைத்த நிலையத்தில் இறங்கலாம். ஆல்ப் குரூம் நிலையத்தில் இறங்கி, பாலூ பனியாற்றைப் பார்த்தபடி உணவகத்தில் அமர்ந்துவிட்டு, அடுத்த வண்டியைப் பிடிக்கும் உரிமையை எந்தக் கண்ணாடிக் கூரைக்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

23 நவம்பர் 2024

முந்தைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. பொந்த்ரெசினாவிலிருந்து ரோசெக் பள்ளத்தாக்கிற்குள் குதிரைகள் இழுக்கும் பனிவண்டி போகிறது. கார்களுக்கு அனுமதியில்லாத பள்ளத்தாக்கு. மடியில் கம்பளி போர்த்தி உட்கார வைத்து, பனியாறுகள் தெரியும் உள்பகுதி வரை அழைத்துச் செல்வார்கள். நடக்க இயலாதவர்களுக்கு ஆல்ப்ஸின் உட்புறத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி இது. அதே பகுதியில் மோர்தராட்ச் நிலையத்திலிருந்து பனியாற்றை நோக்கிச் செல்லும் பாதையில், எந்த ஆண்டு பனியாற்றின் முனை எங்கே இருந்தது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு நடக்க நடக்க, பனியாறு இருந்த இடத்தில் இப்போது மரங்கள் வளர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது, நாளிதழில் படித்தபோது உறைக்காத ஒன்று உறைக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் ஸ்கையிலிருந்து விலக்கி அங்கே அழைத்துப் போங்கள்.

24 நவம்பர் 2024

யுங்ஃபிரவ்யோக் என்ற உயர மலை ரயில் நிலையத்துக்குப் போகலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதில் என் கருத்து காலப்போக்கில் மாறியிருக்கிறது. விலை மிக அதிகம், கூட்டம் மிக அதிகம் என்று நெடுங்காலம் வருபவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தேன். விலையைப் பற்றி இன்றும் அதே கருத்துதான். ஆனால் அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் திட்டமிட்டு, 1896-இல் வேலை தொடங்கி, அவர் 1899-இல் இறந்த பிறகும் தொழிலாளர்கள் ஐகர் மலையின் வயிற்றைக் குடைந்துகொண்டே போய், 1912-இல் 3,454 மீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தைத் திறந்தார்கள் என்பதை அந்தச் சுரங்கத்துக்குள் உட்கார்ந்தபடி நினைத்துப் பார்க்கும்போது, அது வெறும் சுற்றுலாச் சீட்டாக எனக்குத் தோன்றவில்லை. வழியில் ரயில் நின்று, பாறையில் வெட்டிய ஜன்னல் வழியே பனிமலைகளைப் பார்க்க விடுகிறார்கள். மேலே போனால் ஆல்ப்ஸின் மிக நீளமான அலெட்ஷ் பனியாறு 20 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பதன் தொடக்கத்தைப் பார்க்கலாம்.

ஆகவே இப்போது சொல்வது இது: வானம் முழுக்கத் தெளிந்திருக்கும் நாளில் மட்டும் போங்கள். முன்கூட்டியே நாளைக் குறித்துவிடாமல், காலையில் விடுதியின் தொலைக்காட்சியில் மலையுச்சியின் நேரடிக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். இதய நோயோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. மற்றவர்களும் மேலே படிகளில் மிக மெதுவாக ஏற வேண்டும். அந்த உயரத்தில் தலைவலியும் மயக்கமும் சாதாரணமாக வரக்கூடியவை. அம்மாவுக்குச் சிறு தயக்கமிருந்தாலும் கிளைனே ஷைடெக் வரை, அதாவது 2,061 மீட்டர் வரை பற்சக்கர ரயிலில் போய், ஐகரின் வடக்குச் சுவருக்கு நேர்கீழே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பணமும் மிஞ்சும்.

1 டிசம்பர் 2024

வெந்நீர்க் குளங்கள், உணவு ஆகிய இரண்டையும் பற்றிச் சில சொற்கள். நம்மவர்கள் கேட்கத் தயங்கிப் பிறகு தடுமாறும் இடங்கள் இவை.

வாலே மாநிலத்தின் லொய்க்கர்பாட் ஊரில் நிலத்தடியிலிருந்து 51 டிகிரி வெப்பத்தில் நீர் வருகிறது. அதை ஆற்றித் திறந்தவெளிக் குளங்களில் நிரப்பியிருக்கிறார்கள். தலைமேல் பனி விழ, கழுத்தளவு வெந்நீரில் நின்று பாறைச்சுவர்களைப் பார்ப்பது முழங்கால் வலிக்காரர்களுக்கு மருந்துக்கு நிகர். கிராபுண்டனில் வால்ஸ் ஊரின் குளியல் மாளிகை, கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் உள்ளூர்க் கல்லை அடுக்கி அமைத்து 1996-இல் திறந்தது. கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். குளங்களில் நீச்சலுடை கட்டாயம். ஆனால் சானா என்ற வெப்ப அறைப் பகுதிக்குள் பெரும்பாலான இடங்களில் ஆண், பெண் இருபாலரும் ஆடையின்றி இருப்பதே வழக்கம். வாசலில் அறிவிப்பு இருக்கும். பெண்களுக்கு மட்டும் என்று தனி நாளோ நேரமோ ஒதுக்கும் இடங்களும் உண்டு. இதை முன்பே அறிந்து போனால் சங்கடமில்லை. குளத்துக்கான சீட்டையும் சானாவுக்கான சீட்டையும் தனித்தனியாக விற்பதால், குளம் மட்டும் என்று சொல்லி வாங்கலாம்.

உணவில், சைவம் உண்பவர்களும் மது தொடாதவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. ஃபோன்டூ என்ற உருகிய பாலாடைக்கட்டியில் வெள்ளை வைனும் கிர்ஷ் என்ற செர்ரி மதுவும் சேர்ப்பார்கள். ராக்லெட்டில் மது கலப்பதில்லை; உருக்கிய பாலாடைக்கட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும்தான். துருவிய உருளைக்கிழங்கை வறுத்துச் செய்யும் ரோஸ்டியில் பல கடைகளில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும், வேண்டாம் என்று சொல்லலாம். கிராபுண்டனின் பார்லி சூப்பில் உலர்ந்த இறைச்சி சேர்ப்பது வழக்கம். பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைப்பதால், அதையும் தவிர்க்கும் கண்டிப்பான சைவர்கள் கடையில் பொட்டலத்தைப் படித்து வாங்க வேண்டும். மக்ரோனியும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஆப்பிள் கூழுடன் தரும் ஆல்ப்ளர்மக்ரோனன் என் பிள்ளைகளின் விருப்பம்; அதையும் இறைச்சி இல்லாமல் கேளுங்கள்.

8 டிசம்பர் 2024

ஸ்னோஷூ பற்றிக் கேட்டவருக்கு. காலணிக்கு அடியில் அகலமான தட்டைக் கட்டிக்கொண்டு, புதையாமல் மென்பனியில் நடப்பது அது. நடக்கத் தெரிந்தவருக்கு அரை மணியில் கைவந்துவிடும். அதனாலேயே அது ஆபத்தானதும்கூட, ஏனென்றால் அனுபவமில்லாதவரை அது மிக எளிதாகப் பனிச்சரிவு விழும் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சுவிட்சர்லாந்தில் குளிர்கால நடைபாதைக்கும் ஸ்னோஷூ பாதைக்கும் இளஞ்சிவப்புப் பலகைகள் வைத்திருப்பார்கள். அந்தப் பலகைகளை விட்டு விலகாதீர்கள். கோடையின் மஞ்சள் பலகைகள் குளிர்காலத்திலும் நின்றுகொண்டுதான் இருக்கும். அவை குளிர்காலத்தில் அந்த வழி பாதுகாப்பானது என்று பொருள்படுவதில்லை. டாவோஸிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுவதும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் படி என்றதும், ஐந்தில் மூன்றுதானே, நடுத்தரம் என்று நினைத்துவிடுகிறோம்; உயிரிழப்பை உண்டாக்கும் பனிச்சரிவுகளில் ஏறக்குறைய பாதி அந்த மூன்றாம் படி நாட்களில்தான் நிகழ்கின்றன. 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளில் நடப்பது மட்டுமல்ல, அவற்றின் அடியில் நடப்பதும் ஆபத்து. முதல் முறை உள்ளூர் வழிகாட்டியுடன் குழுவாகப் போங்கள். மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414 என்ற எண்.

விலங்குகளின் பொருட்டும் பாதையை விட்டு விலகக் கூடாது. கருங்காட்டுக்கோழியும் பனிக்கோழியும் குளிரிலிருந்து தப்பப் பனிக்குள் குழி பறித்து அடங்கிக் கிடக்கும். கால் ஓசைக்குப் பயந்து அவை ஒருமுறை எழுந்து பறந்தால், அந்த நாளைக்கென்று சேமித்த வலிமையில் பெரும்பகுதி போய்விடும். உணவு அரிதான நாட்களில் அதை ஈடுசெய்ய இயலாது. காட்டுயிர் அமைதி வலயங்கள் என்று குறித்திருக்கும் இடங்களில் நுழைவது சட்டப்படியும் குற்றமாகலாம். நமக்குப் பொழுதுபோக்கான ஒரு நடை அவற்றுக்கு உயிர்ச்செலவு என்பதை நினைக்க வேண்டும்.

29 டிசம்பர் 2024

பனி இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இப்போது எல்லார் மனத்திலும் இருக்கிறது. தாழ்வான ஊர்களில் பச்சைப்புல் தெரியும் குளிர்காலங்கள் அடிக்கடி வருகின்றன. ஸ்கை செய்பவருக்கு அது பேரிழப்பு. உங்களுக்கு அவ்வளவு இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் குளிர்ந்த கனமான காற்று சமவெளியில் தேங்கி, பேர்ன், லூசர்ன், சூரிச் எல்லாம் நாள்கணக்கில் சாம்பல்நிற மூடுபனிக்கடியில் கிடக்கும். ஆயிரம் மீட்டர் போல ஏறிவிட்டால் அதற்கு மேல் நீல வானம். லூசர்ன் பக்கம் இருப்பவர்கள் ரீகி மலைக்குப் போங்கள். வித்ஸ்னவிலிருந்து அங்கே ஏறும் பற்சக்கர ரயில் 1871-இல் திறந்தது, ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் அதுதான். உச்சியில் நின்றால் கீழே மூடுபனி கடலாக விரிந்திருக்கும்; தொலைவில் ஆல்ப்ஸ் தொடர் அதன் மறுகரையாக நிற்கும். ஊரில் நாள்கணக்கில் வெயில் பார்க்காமல் மனம் சோர்ந்திருக்கும்போது நாங்கள் ரயில் ஏறுவது இதற்காகவே. கண்ணாடியும் வெயில் தடுப்புக் களிம்பும் மறக்காதீர்கள். புதிதாக விழுந்த பனி சூரியனின் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும்.

மழையே பெய்தால், கிரிண்டெல்வால்டுக்குக் கீழே உள்ள இன்டர்லாக்கன் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பேர்ன். பழைய நகரின் தெருக்களில் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரையிட்ட வளைவு நடைகள் இருப்பதால் குடையில்லாமலே ஊர் சுற்றலாம். அம்மாவுக்குக் கோயில் போக வேண்டுமென்றால், 2014-இல் திறந்த சமயங்களின் இல்லத்தில், பிற சமயங்களின் வழிபாட்டிடங்களுடன் ஒரே கூரையின்கீழ், ஞானலிங்கேச்சுரர் கோயில் இருக்கிறது. அங்கே தமிழிலேயே வழிபாடு நடக்கிறது.

11 ஜனவரி 2025

பனிக்கட்டி விளையாட்டுகளை விட்டுவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். செயின்ட் மோரிட்ஸ் ஏரி உறைந்து போதிய தடிமன் அடைந்ததும், 1907 முதல், பிப்ரவரி ஞாயிறுகளில் அதன்மேல் குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள். அங்கிருந்து பக்கத்து ஊரான செலரினாவுக்கு இறங்கும் பாப்ஸ்லெட் (பலர் அமர்ந்து பாயும் பனிவண்டி) தடம் ஒவ்வோர் ஆண்டும் பனியையும் நீரையும் கொண்டு கையாலேயே புதிதாகக் கட்டப்படுகிறது. ஓட்டுநருடன் பயணியாக உட்கார்ந்து போகலாம், விலை கடுமை. ஓரத்தில் நின்று பார்ப்பது எனக்குப் போதும். தலை முன்னே இருக்கப் படுத்துச் சறுக்கும், அருகிலுள்ள கிரெஸ்டா தடத்தில் பெண்களுக்கு 1929 முதல் இருந்த தடை 2018-இல்தான் நீங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரியாவின் கரிந்தியாவில் வைசன்சே என்ற ஏரி இருக்கிறது. நெதர்லாந்தில் பதினொரு நகரங்களை இணைத்து 200 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் செய்யும் பழைய போட்டிக்கு அந்நாட்டின் கால்வாய்கள் இப்போது உறைவதே அரிதாகிவிட்டதால், கடைசியாக அது 1997-இல் நடந்தது. அதற்கு மாற்றாக 1989 முதலே டச்சுக்காரர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இந்த ஏரிக்கு வந்து அதே தூரத்தை ஓடுகிறார்கள். தங்கள் நாட்டில் இழந்த குளிர்காலத்தைத் தேடி இன்னொரு நாட்டின் மலைக்கு வரும் அவர்களின் பற்று எனக்கு மிகவும் பிடிக்கும்.

உறைந்த ஏரியில் இறங்குவதற்கு ஒரே விதி: ஊராட்சி திறந்துவிட்டதாக அறிவித்த பகுதியில் மட்டும் இறங்குங்கள். மற்றவர் நடக்கிறார்களே என்று பின்தொடராதீர்கள்.

2 பிப்ரவரி 2025

அடுத்த வாரம் கிளம்புவதாகவும், கணவரும் பிள்ளைகளும் ஒரு பக்கம், நீங்களும் அம்மாவும் ஒரு பக்கம் என்று குடும்பம் பிரிந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வழி இருக்கிறது. பெரும்பாலான மலை ரயில்களும் கேபிள் கார்களும் நடப்பவர்களுக்குத் தனிச் சீட்டு தருகின்றன. ஸ்கை சீட்டை விட மலிவு. வெங்கனிலிருந்தோ கிரிண்டெல்வால்டிலிருந்தோ நீங்கள் இருவரும் பற்சக்கர ரயிலில் கிளைனே ஷைடெக் வாருங்கள். அவர்கள் அந்தப் பக்கச் சரிவுகளில் இருந்தால் நண்பகலில் ஸ்கையிலேயே அங்கே வந்து சேரலாம். பன்னிரண்டு மணிக்கு எல்லா உணவகங்களும் நிரம்பிவிடும். பதினொன்றரைக்கே நீங்கள் போய் வெயில் விழும் மேசையைப் பிடித்து வையுங்கள். வாரத்தில் ஒரு மாலை எல்லாரும் சேர்ந்து ஸ்லெட்ஜுக்குப் போங்கள், அம்மா கீழே முடிவிடத்தில் இருக்கட்டும். திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மலையில் அது மாலை ஐந்து, ஆறு மணிக்குள் போய்விடும், அதன் பிறகு இறங்க வேறு வழியில்லை.